நகராத சைக்கிளும் நடக்காத நடைப்பயணமும்

அன்றைக்கு எனக்கு இரண்டு வேலைகள். பாளையம்பட்டிக்குப் போய் ஒரு சைக்கிளைப் பார்த்து, வாங்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டும். வரும் வழியில் கருப்பட்டி வாங்கி வர வேண்டும்.

முதல் வேலை நானாக இழுத்துவிட்டுக்கொண்டது. இரண்டாவது என் மனைவி பாக்கியம் கொடுத்தது.

இரண்டையும் செய்யாமல் வீடு திரும்பினேன். ஆனால் கழுத்தில் மாலையோடு திரும்பினேன். எப்படி என்று சொல்கிறேன்.

அந்த சைக்கிள் சாதாரண சைக்கிள் இல்லை. அது எங்கேயும் போகாது!

பாளையம்பட்டியில் சைக்கிள் கடை வைத்திருந்த அழகர்சாமி செய்த சாமான் அது. அருப்புக்கோட்டையில் பருத்திக் கமிஷன் மண்டி வைத்திருந்த ஒரு முதலாளிக்குத் தொப்பை விழுந்துவிட்டது. வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து மிதிக்கிற சைக்கிளின் படத்தை ஏதோ வெளிநாட்டுப் பத்திரிகையில் பார்த்திருக்கிறார். "இதே மாதிரி வேணும், ஆனா செலவு கம்மியா இருக்கணும்" என்று படத்தை அழகர்சாமியிடம் கொடுத்திருக்கிறார். அழகர்சாமியும் ஒரு பழைய சைக்கிளை இரும்புச் சட்டத்தில் பூட்டி, பின் சக்கரத்தைத் தரையில் படாமல் தூக்கி நிறுத்தி, மிதி கனமாக இருக்கட்டும் என்று சக்கரத்தைச் சுற்றி ஒரு தோல் வாரை இறுக்கிவிட்டார்.

முதலாளி ஒருநாள் ஏறி உட்கார்ந்தார். சீட்டு குத்துகிறது என்று இறங்கினார். தொப்பையை அவரே வைத்துக்கொண்டார். சைக்கிள் கடைக்குத் திரும்பிவிட்டது.

ஒரு முதலாளி வேண்டாம் என்று தள்ளியதை ஒரு போராட்டக்காரன் ஏன் தேடிப் போனான் என்று கேட்பீர்கள். முட்டிதான் காரணம்.

அறுபதுகள் முடிந்து எழுபதுகள் பிறந்த சமயம். மழை பொய்த்திருந்தது. பந்தல்குடியில் ஒரு கூட்டத்தில் பேசிக்கொண்டிருந்தேன். "அதிகார வர்க்கம் சரியும்!" என்று கையை ஓங்கினேன். மேடை சரிந்தது.

பெரியாஸ்பத்திரி டாக்டர் முட்டியை அமுக்கிப் பார்த்தார். "எலும்புக்கு ஒண்ணும் இல்ல. மூட்டு இறுகிப் போச்சு. தினம் கொஞ்ச நேரம் சைக்கிள் மிதிங்க, சரியாயிரும்."

"மிதிச்சிட்டாப் போச்சு" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

இங்கேதான் ஒரு சின்னச் சிக்கல். எனக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது.

சிரிக்காதீர்கள். திருச்சுழியிலிருந்து அருப்புக்கோட்டை வரை நான் சைக்கிளில் போகாத கிராமம் கிடையாது. ஆனால் எல்லாம் பின்னால், கேரியரில். முன்னால் ஒரு தோழர் மிதிப்பார். நான் தகரக் குழாயை வாயில் வைத்துக்கொண்டு, "உழைக்கும் மக்களே!" என்று முழங்கிக்கொண்டே போவேன். அதிகமும் மிதித்தது எங்கள் சங்கச் செயலாளர் கந்தசாமி. தலைவன் பேசுவான், தொண்டன் மிதிப்பான் என்பது ஏதோ இயற்கை ஏற்பாடு என்று நானும் இருந்துவிட்டேன். இந்த வயதில் போய் யாரிடம், "ஹேண்டில் பாரைப் பிடிச்சுக்க தம்பி" என்று கேட்பது?

ஆகவே, விழவே முடியாத ஒரு சைக்கிள் விலைக்கு வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டதும் எனக்கென்றே செய்ததாகத் தோன்றியது.

அவசரமும் இருந்தது. எங்கள் பக்கம் குடிதண்ணீர் இல்லை. அமைச்சர் ஒருவர் விருதுநகருக்கு வருகிறார் என்று செய்தி வந்தது. பாளையம்பட்டியிலிருந்து விருதுநகர் வரை நடந்தே போய் அவரிடம் மனுக் கொடுப்பது என்று சங்கம் முடிவு செய்தது.

அந்த அமைச்சர் யார் தெரியுமா? ஒரு காலத்தில் எனக்குப் பசை வாளி தூக்கியவர். நான் போஸ்டர் ஒட்டுவேன், அவர் வாளியைப் பிடிப்பார். நான் எழுதிக் கொடுத்த கோஷத்தை எழுத்துக் கூட்டிப் படிப்பார். இன்றைக்கு அவருக்குக் கார். எனக்கு முட்டிவலி.

கொடியைப் பிடித்துக்கொண்டு ஊர்வலத்தின் முன்னால் நான் வர வேண்டும். அவர் காரைவிட்டு இறங்கி என் முகத்தைப் பார்க்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். வேறு பதவி எதுவும் நான் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் கொடுத்திருக்க மாட்டார்கள், அது வேறு விஷயம்.

கமிட்டிக் கூட்டத்தில் கந்தசாமி என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, இது அம்புட்டுத் தூரமும் கால்நடையாப் போற போராட்டம். ஒங்களால முடியுமா?"

"ஏன் முடியாது?"

"இல்ல, கால்நடையா வர முடியலேன்னா, கால்நடை இழுக்குற வண்டி ஒண்ணு ஏற்பாடு பண்றோம். பின்னாலயே வாங்க."

கூட்டம் சிரித்தது. மாட்டு வண்டியில், ஊர்வலத்துக்குப் பின்னால், சோற்றுப் பானைகளோடு! "நான் முன்னாலதான் வருவேன், நடந்துதான் வருவேன்" என்று அறிவித்துவிட்டு, நொண்டுவது தெரியாமல் இருக்க எல்லோரும் போகும்வரை உட்கார்ந்தே இருந்தேன்.

பாக்கியத்திடம் சைக்கிள் விஷயத்தைச் சொன்னேன்.

"வாங்கி என்ன செய்யப் போறீக?"

"மிதிக்கணும்."

"மிதிச்சா எங்க போகும்?"

"எங்கயும் போகாது."

"இத்தனை வருசம் நீங்க செஞ்சதும் அதானே. அதுக்குத் தனியா ஒரு சைக்கிளு வேற வேணுமாக்கும்?"

துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டேன். பெரிய போராட்டத்துக்கு முன்னால் சின்னச் சண்டைகளில் இறங்கக் கூடாது.

"வரும்போது கருப்பட்டி வாங்கிட்டு வாங்க. புரட்சியே வந்தாலும் அதுக்கும் நான்தான் காப்பி போடணும்."

டவுன் பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்தேன். நான் பள்ளிக்கூடத்தில் படித்தது கொஞ்சம், துண்டுப் பிரசுரத்தில் படித்தது அதிகம். எதைப் பார்த்தாலும் ஒரு பிரசுரம் அளவுக்கு யோசிக்க வரும். இந்த சைக்கிளில் உழைப்பு உண்டு, உற்பத்தி இல்லை, கூலியும் இல்லை. அப்படியானால் இங்கே சுரண்டுகிறவன் யார், சுரண்டப்படுகிறவன் யார்? இரண்டும் நான்தான் என்று தெரிந்த இடத்தில் பாளையம்பட்டி வந்துவிட்டது.

அழகர்சாமி கடை ரோட்டோரம். எதிரே தெருக் குழாய். குழாயடியில் பெண்கள் காலையிலிருந்து காத்துக்கிடந்தார்கள். பாதிப் பேர் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு வேப்ப மரத்து நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். குழாயிலிருந்து காற்று மட்டும் வந்துகொண்டிருந்தது.

"வாங்க தலைவரே! இந்தா நிக்கிது பாருங்க. ஏறி மிதிச்சுப் பாருங்க. பிடிச்சா வாங்கிக்கங்க. பிடிக்கலேன்னா இறங்கிருங்க" என்றார் அழகர்சாமி.

இறங்குவது அவ்வளவு சுலபம் என்று அவரும் நம்பினார், நானும் நம்பினேன்.

ஏறினேன்.

"தலைவரே, எல்லாரும் அந்தப் பக்கமிருந்துதான் ஏறுவாக."

"எல்லாரும் செய்யிறத நான் எப்பய்யா செஞ்சிருக்கேன்?"

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மிதித்தேன். முட்டி முதலில் முனகியது, பிறகு கொஞ்சம் மடங்கிக் கொடுத்தது. பின் சக்கரம் சுற்றியது. தோல் வார் கீச் கீச் என்றது. வாழ்க்கையில் முதல் தடவையாக நான் சைக்கிள் ஓட்டுகிறேன்! யார் முதுகையும் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டு ஓட்டுகிறேன்! சந்தோஷத்தில் மணியை அடித்தேன். எதிரே படுத்திருந்த நாய் நகரவில்லை. அதற்கு விஷயம் தெரிந்திருந்தது.

வாங்கிவிடலாம் என்று முடிவே செய்துவிட்டேன். அப்போது கந்தசாமி தன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். டயரில் காற்று இல்லை.

"அண்ணே! என்ன இது?"

என் மூளை வேகமாக வேலை செய்தது. முட்டிக்கு வைத்தியம் என்றால் மாட்டு வண்டியில் ஏற்றிவிடுவார். சும்மா ஓட்டிப் பார்க்கிறேன் என்றால், "சும்மா எதுக்கு, காத்தடிச்சதும் என் சைக்கிள்ல ஒரு ரவுண்டு போங்க" என்பார். எதிரே குடங்கள் வரிசையாக நின்றன.

"போராட்டம்!" என்றேன்.

"போராட்டமா? எதுக்கு?"

"தண்ணிக்கு!"

"எப்ப வரைக்கும்?"

என் வாய் வழக்கம்போல் எனக்கு முன்னால் போய்விட்டது.

"குழாயடிக்குத் தண்ணி வந்து சேர்ற வரைக்கும் இந்த சைக்கிள விட்டு இறங்க மாட்டேன்!"

குழாயடியில் முதல் குடத்துக்குச் சொந்தக்காரி ராக்காயி. அவளுக்குக் காது கூர்மை. "ஏய், எல்லாரும் இங்க வாங்கடி! அண்ணன் நமக்காக சைக்கிள் ஓட்டுறாகடி!"

இதில் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் ஊருக்கு ஊர் ஒரு வித்தைக்காரர் வருவார். மைதானத்தில் வட்டம் போட்டு, சைக்கிளைவிட்டு இறங்காமல் நாள்கணக்கில் சுற்றுவார். அதிலேயே சாப்பிடுவார், அதிலேயே குளிப்பார். மைக் செட்டில் ரெக்கார்டு பாடும். ஜனங்கள் அவர் சட்டையில் ரூபாய் நோட்டைக் குத்துவார்கள். அப்படி ஒருத்தர் அருப்புக்கோட்டையில் சுற்றி முடித்துவிட்டுப் போய் அதிக நாள் ஆகவில்லை. ஆக, இறங்காமல் சைக்கிள் ஓட்டுகிறவனை எப்படி நடத்த வேண்டும் என்று பாளையம்பட்டி ஜனங்களுக்கு அத்துப்படி. அப்படி ஓட்டுகிறவன் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதுதான் எனக்குத் தெரியாது.

கொஞ்ச நேரத்தில் மைக் செட் வந்துவிட்டது. யாரும் கேட்கவில்லை, அதுவாகவே வந்தது. கந்தசாமி மைக்கைப் பிடித்தார்.

"அன்பார்ந்த பொதுமக்களே! நமது அண்ணன் அவர்கள் தண்ணீர் வரும்வரை இறங்கமாட்டார்! தண்ணீர் வந்த பிறகும் இறங்குவாரா என்பது சந்தேகமே!"

கைதட்டல். முன்வரிசையில் ஒருவர் கேட்டார்: "ஏப்பா, அவரு சுத்துனாரு. இவுக நகரவே இல்லையே?"

"அது வித்தை, இது போராட்டம்! போராட்டத்துல நிலையா நிக்கணும்யா" என்றார் கந்தசாமி. பிறகு மைக்கைக் கையால் மூடிக்கொண்டு, "அழகர்சாமியண்ணே, ரொம்ப லேசா மிதிக்கிறாக. அந்த வாரைக் கொஞ்சம் இறுக்கி விடுங்க. பாக்குறவுகளுக்கு ஒரு உணர்ச்சி வரணுமில்ல" என்றார்.

அழகர்சாமி இறுக்கினார். பாவி மனிதர், ஸ்பானரை எப்போதும் கையிலேயே வைத்திருப்பார்.

என் சட்டையில் ஒருவர் நோட்டைக் குத்தினார். நோட்டோடு என்னையும் குத்தினார். 'ஆ!' என்றேன். "உணர்ச்சிவசப்படுறாரு" என்றார்கள்.

ஒரு பெரியவர், "நேரமாச்சு, ஓட்டுறவரைக் குளிப்பாட்டணும்ல?" என்று முறையை ஞாபகப்படுத்தினார்.

"குளிப்பாட்டத் தண்ணி இருந்தா அண்ணன் எதுக்கு அதுல ஏறுறாக?" என்றாள் ராக்காயி. அவளை எங்கள் கமிட்டியில் சேர்த்திருக்க வேண்டும்.

குளிப்பாட்டாவிட்டாலும் சாப்பாட்டில் குறை வைக்கவில்லை. யாரோ ஒரு கை காராச்சேவை என் வாயில் திணித்தார்கள். நல்ல மிளகுச் சேவு. தொண்டையில் நின்றுகொண்டது. உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. கண் பிதுங்கியது.

"தண்ணி!" என்று கத்தினேன்.

"தண்ணி! தண்ணி!" என்று கூட்டம் முழங்கியது.

"ஐயோ, தண்ணி!" என்று கையை ஆட்டினேன்.

"தண்ணி கொடு! தண்ணி கொடு! அண்ணனுக்கும் ஊருக்கும் தண்ணி கொடு!"

எத்தனையோ மேடையில் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன். என் கோஷத்துக்கு ஜனங்கள் இவ்வளவு வேகமாகப் பதில் சொன்னது அன்றுதான். கடைசியில் அழகர்சாமி மனைவி ஒரு சோடாவை உடைத்துக் கொடுத்தாள், பிழைத்தேன்.

கூட்டம் ரோட்டுக்கு வந்துவிட்டது. பருத்தி லோடு ஏற்றிய லாரிகள் பஸ்ஸுக்குப் பின்னால் வரிசையாக நின்றன. அந்தக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு பாக்கியம் வந்தாள்.

என்னைப் பார்த்தாள். சைக்கிளைப் பார்த்தாள். சட்டையில் குத்திய நோட்டுகளைப் பார்த்தாள்.

"கருப்பட்டி எங்க?"

"பாக்கியம், நிலைமை கொஞ்சம்..."

"கருப்பட்டி வாங்க அனுப்புன மனுசன் போராட்டத்துல உக்காந்துட்டாருன்னு பால்காரர் வந்து சொல்றாரு. எனக்கு என்ன போராட்டம்னு கூடத் தெரியல. நெசமாவே சைக்கிளா? இவுகளுக்கு சைக்கிளு..."

கந்தசாமி சட்டென்று மைக்கை அவள் முன் நீட்டினார். "சொல்லுங்க அண்ணி. அண்ணனுக்கு சைக்கிளு?"

கீச் கீச் என்ற சத்தம் மட்டும் கேட்டது. நான் பாக்கியத்தைப் பார்த்தேன். போலீஸ் லாக்கப்பில்கூட நான் யாரையும் அப்படிக் கெஞ்சிப் பார்த்ததில்லை.

பாக்கியம் தொண்டையைச் செருமிக்கொண்டாள். "இவுகளுக்கு சைக்கிளுன்னா உசுரு" என்றாள்.

கைதட்டல் அடங்கும்போது என் காதருகே குனிந்து, "வீட்டுக்கு வாங்க, பேசிக்கிருவோம்" என்றாள்.

பொழுது சாய்ந்தது. ஏட்டையா வந்து சேர்ந்தார். லாரிகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சட்டப்படி ஏதாவது செய்தாக வேண்டும் என்று யோசித்தார்.

"சைக்கிளுக்கு வரி கட்டுன லைசென்ஸ் வில்லை மாட்டியிருக்கா?"

"ரோட்டுல ஓடுற வண்டிக்குத்தான் வில்லை. இது ஓடாதே" என்றேன். சட்டம் பேசுவது என்றால் எனக்கு முட்டிவலி மறந்துவிடும்.

"ஓடாத வண்டிய எதுக்கு ஓட்டுறீக?"

நல்ல கேள்வி. மணியை அடித்தேன்.

"சரி, இருட்டப் போகுது. லைட்டு இல்லாம சைக்கிள் ஓட்டுனா கேசு தெரியுமில்ல?"

அழகர்சாமி ஓடிவந்து டைனமோவைத் தட்டிவிட்டார். சக்கரத்தில் உரசியதும் முன்விளக்கு பளீரென்று எரிந்தது. கூட்டம் ஓவென்று ஆர்ப்பரித்தது. டைனமோவும் சேர்ந்து மிதியை இன்னும் கனமாக்கியது என்பது அழகர்சாமிக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த ரகசியம். ஏட்டையா அந்த வெளிச்சத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, மேலிடத்துக்குச் சொல்லி அனுப்பினார்.

ஜீப்பில் தண்ணீர் விவகாரம் பார்க்கும் அதிகாரி வந்தார். அவர் முகமெல்லாம் வியர்வை. அமைச்சர் வருகிற நேரத்தில் ரோட்டில் கூட்டம், மைக், லாரி வரிசை.

"ஐயா, மொதல்ல இறங்குங்க. பேசுவோம்."

"தண்ணி வரட்டும். இறங்குறேன்."

"கிணத்து மோட்டார் எரிஞ்சு போச்சு, அதான் தாமதம். நாளைக்கே வேற மோட்டார் மாட்டிருதோம். இன்னைக்கு லாரியில தண்ணி அனுப்புறேன். இப்பவே." குரலைத் தாழ்த்தினார். "ஆனா ஒண்ணு. அமைச்சர் வர்ற அன்னைக்கு அந்த நடைப்பயணம் வேண்டாம். அத விட்ருங்க. ரெண்டுல ஒண்ணுதான்."

என் கால் நிற்காமல் மிதித்துக்கொண்டிருந்தது. மனசு நின்றுவிட்டது.

அந்த நடைப்பயணத்துக்காகத்தான் இந்த சைக்கிளைத் தேடியே வந்தேன். கொடியோடு முன்னால் போவேன், பசை வாளி தூக்கியவர் காரைவிட்டு இறங்குவார், என் முகத்தைப் பார்ப்பார் என்று எத்தனை நாள் ஒத்திகை பார்த்திருக்கிறேன். அவர் கேட்டால் என்ன சொல்வது என்பதுகூடத் தயார். 'நல்லாருக்கீங்களா அண்ணே' என்று அவர் கேட்பார். 'நாங்க நல்லாருந்தா எதுக்கு இம்புட்டுத் தூரம் நடந்து வாரோம்' என்று நான் சொல்வேன். அருமையான வசனம்!

கந்தசாமி மைக்கைக் கீழே இறக்கிவிட்டு என்னையே பார்த்தார். முதல் தடவையாக அவர் முகத்தில் கேலி இல்லை.

"அண்ணே, நீங்க சொல்றதுதான்."

ராக்காயி குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். "என்னண்ணே யோசிக்கிறீக? தண்ணி தாரேங்கிறாகல்ல?"

அவள் குடத்துக்குள் ஒரு சொட்டு இல்லை. காலையிலிருந்து இல்லை.

"லாரி வரட்டும். நடைப்பயணம் இல்ல" என்றேன்.

அந்த வசனம் இன்றுவரை என்னிடமே இருக்கிறது. யாருக்காவது தேவைப்பட்டால் சொல்லுங்கள்.

லாரி வந்தது. குடங்கள் ஓடின. என்னை எல்லோரும் மறந்தார்கள். இறங்கலாம் என்று காலைத் தூக்கினேன். வரவில்லை! முட்டி மிதித்த நிலையிலேயே நின்றுவிட்டது. அழகர்சாமியும் ஏட்டையாவும் சேர்ந்து, சாமியைச் சப்பரத்திலிருந்து இறக்குவதுபோல் என்னை இறக்கினார்கள். யாரோ மாலை போட்டார்கள்.

முடிந்தது என்று நினைத்தேன். கூட்டத்தில் ஒரு பாழாய்ப்போன குரல்: "அண்ணன் சைக்கிள்லயே வீட்டுக்குப் போகணும்! நாங்க ஊர்வலமா பின்னால வாரோம்!"

கந்தசாமி தன் சைக்கிளைக் கொண்டுவந்து என் முன்னால் நிறுத்தினார். காற்றடித்துத் தயாராக இருந்தது.

"ஏறுங்கண்ணே. ஒங்களுக்குத்தான் சைக்கிளுன்னா உசுராச்சே."

பாக்கியம் சேலை முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அவள் அழவில்லை என்று எனக்குத் தெரியும்.

மாலையைச் சரிசெய்தேன். குரலை உயர்த்தினேன்.

"தோழர்களே! தலைவன் வண்டி ஓட்டி, மக்கள் பின்னால ஓடுற காலம் மலையேறிருச்சு! இனிமே வண்டிய ஓட்ட வேண்டியது மக்கள்தான்! தலைவன் பின்னாலதான் உக்காரணும்!"

கைதட்டல் காதைப் பிளந்தது. அந்தச் சத்தம் ஓய்வதற்குள் கேரியரில் ஏறிவிட்டேன்.

கந்தசாமி என்னையும் கேரியரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஹேண்டில் பாரைப் பிடித்தார். "அப்ப கடைசியில நான்தான் கால்நடையா?" என்றார்.

கூட்டம் அடுத்த குடத்துக்குப் போய்விட்டதால் எங்கள் பின்னால் ஊர்வலமாக வந்தது பாக்கியம் மட்டும்தான். அவளும் பாதியில் பஸ் ஏறிவிட்டாள்.

கொஞ்ச தூரம் போனதும் கந்தசாமி திரும்பாமலே கேட்டார்.

"அண்ணே, ஒங்களுக்கு ஓட்டத் தெரியாதுல்ல?"

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்ல வேணாம். வளைவுல வண்டி ஒரு பக்கம் சாஞ்சா நீங்க மறுபக்கம் சாயிறீக. ஓட்டத் தெரிஞ்சவன் அப்படிச் சாய மாட்டான். மொதல் நாளு ஒங்கள ஏத்தும்போதே தெரியும்."

கேரியரை இறுகப் பிடித்துக்கொண்டேன். "அப்ப ஏன் இத்தனை வருசம் யார்ட்டயும் சொல்லல?"

"சொன்னா ரோசத்துல நீங்க கத்துக்கிருவீக. அப்புறம் என்னைய எதுக்குக் கூப்பிடப் போறீக?" என்றார். வளைவு வந்தது. "இப்பவாவது சேந்து சாயிங்கண்ணே."

சாய்ந்தேன். எங்கள் சங்க வரலாற்றில் நானும் செயலாளரும் ஒரே பக்கம் சாய்ந்தது அன்றுதான்.

வீட்டு வாசலில் பாக்கியம் நின்றாள். கந்தசாமி போகும்வரை பொறுத்திருந்தாள்.

"நடந்து நடந்து வாங்க முடியாதத, நகராம உக்காந்து வாங்கிட்டீகளே!" என்றாள். கேலியா பெருமையா என்று கண்டுபிடிப்பதற்குள், "கருப்பட்டி?" என்றாள்.

அன்று காப்பி இல்லை.

மோட்டார் சொன்னபடி வந்தது. முட்டி இரண்டு மடங்கு வீங்கியது. வீக்கம் வடிந்ததும் சைக்கிளை வாங்கியே தீருவது என்று பாளையம்பட்டிக்குப் போனேன். அன்றைக்கென்று அமைச்சரும் விருதுநகர்க் கூட்டத்தை முடித்துவிட்டு அந்த வழியாக வருகிறார் என்று ரோட்டோரம் தோரணம் கட்டியிருந்தார்கள்.

அழகர்சாமி கடை முன்னால் ஒரு வரிசை. சைக்கிளில் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ராக்காயி உட்கார்ந்து மிதித்துக்கொண்டிருந்தாள். கீச் கீச்.

"என்னத்தா இது?"

"தெரு லைட்டுக்குண்ணே. எரியிற வரைக்கும் இறங்க மாட்டேன்."

"அழகர்சாமி, இந்த சைக்கிள நான் வாங்க வந்தேன்யா!"

"இனிமே இது வெலைக்கு இல்ல தலைவரே. மணி வாடகைக்குத்தான். ராக்காயிக்கு அப்புறம் ரேசன் கடைப் பிரச்சினை இருக்கு. அதுக்கப்புறம் பள்ளிக்கூடத்து ஓடு. நீங்க வரிசையில நில்லுங்க, ஒங்களுக்குன்னா வாடகை பாதிதான்."

நின்றேன். வேறென்ன செய்வது?

அப்போது கார் வந்தது. கண்ணாடி இறங்கியது. பசை வாளி தூக்கியவர் எட்டிப் பார்த்தார். நான் முதுகை நிமிர்த்தி வேட்டியைச் சரிசெய்தேன். அவர் பெரிதாகச் சிரித்து, இரண்டு கையையும் கூப்பினார்.

ராக்காயிக்கு.

கார் போய்விட்டது. நான் வரிசையிலிருந்து விலகி, கருப்பட்டி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

ஏன் அந்த சைக்கிளை வாங்கவில்லை என்று இன்றும் யாராவது கேட்டால், கொள்கை என்று சொல்லிவிடுகிறேன்.